தாளில் இல்லாத பயணி

"பதினொண்ணு," என்றார் மர்ஹூன்.

"பத்துதான் அண்ணே இருக்கும். சரியா எண்ணுங்க." ஓட்டுநர் ஹுமைத் பேரீச்சங்கொட்டையைச் சன்னலுக்கு வெளியே துப்பினான்.

மர்ஹூன் வண்டியின் முன்பக்கம் நின்று மறுபடி எண்ணினார். இந்த முறையும் பதினொன்று. கையிலிருந்த தாளைப் பார்த்தார். 'புரைதா நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள், பத்துப் பேர்' என்று அச்சடித்திருந்தது. பத்து என்பதற்குக் கீழே முதலாளி தன் கையால் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

அந்தக் கோடுகளுக்குக் காரணம் உண்டு. மர்ஹூன் மீது ஏற்கெனவே இரண்டு புகார்கள். ஒன்று, சுனையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரரை மறந்து அங்கேயே விட்டுவிட்டு வந்தது. இரண்டாவது, ஒரே கோட்டையைப் பற்றி மூன்று நாளில் மூன்று கதை சொன்னது. மூன்று நாளும் ஒரே பயணி வந்து தொலைப்பார் என்று மர்ஹூன் எதிர்பார்க்கவில்லை.

"இன்னொரு புகார் வந்துச்சு, உன் லைசென்ஸை நானே கொண்டுபோய்ச் சுற்றுலாத் துறையில ஒப்படைச்சிடுவேன்," என்று முதலாளி நேற்றுதான் சொல்லியிருந்தார். "ஆள் ஒண்ணு குறையக் கூடாது. ஒண்ணு கூடவும் கூடாது."

குறைந்தால் தேடலாம். கூடினால் என்ன செய்வது?

வேறு கூட்டமாக இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேர் கேட்டுவிடலாம். இவர்களோ ஆளுக்கொரு கறுப்பு அங்கி, முகத்திரை, அதற்கு மேல் வெயிலுக்காகக் கறுப்புக் கண்ணாடி. போதாக்குறைக்கு மர்ஹூன் கூச்ச சுபாவி. இருபத்தொரு வருஷமாகப் பெண் பயணிகளின் தலைக்கு ஒரு முழம் மேலே பார்த்தே பேசிப் பழகியவர். அந்தக் காரணத்துக்காகவே பல ஊர்களிலிருந்தும் பெண்கள் கூட்டத்தை அவரிடம் அனுப்பினார்கள். ஸுவைராவில் அவ்வளவு கண்ணியமான வழிகாட்டி வேறு யாரும் இல்லை.

முன் இருக்கையில் உம்மு துர்க்கி உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். மடியில் பெரிய கைப்பை, கையில் விசிறி.

"டீச்சரம்மா, நீங்க மொத்தம் எத்தனை பேரு?" வண்டியின் கூரையைப் பார்த்துக் கேட்டார் மர்ஹூன்.

"உங்க தாள்ல எத்தனை போட்டிருக்கு, தம்பி?"

"பத்து."

"அப்ப பத்துதான். இதுல என்ன சந்தேகம்?"

"எண்ணினா பதினொண்ணு வருதே."

"கணக்குல வீக்கா?" என்றார் உம்மு துர்க்கி. பின்னாலிருந்து சிரிப்பு எழுந்தது. பத்துச் சிரிப்பா, பதினொன்றா என்று அதை வைத்தும் சொல்ல முடியவில்லை.

"விடுங்க அண்ணே," என்றான் ஹுமைத். "கோட்டைக் கதவுகிட்ட ஒவ்வொருத்தரா குனிஞ்சுதானே நுழையணும்? அங்க வச்சுப் பிடிச்சிடலாம்."

நல்ல யோசனை. ஸுவைராக் கோட்டையின் பெரிய மரக்கதவுக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. எவனாக இருந்தாலும் முதலில் தலையைத்தான் உள்ளே நீட்ட வேண்டும். தலையை வைத்து என்ன செய்வது என்பது உள்ளே இருப்பவன் இஷ்டம். நானூறு வருஷத்துக்கு முன்னால் எதிரிகளுக்காக வைத்த ஏற்பாடு. மர்ஹூன் பத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"ஒண்ணு... ரெண்டு..."

ஒன்பதாவது ஆள் உள்ளே போய், கைப்பையை மறந்துவிட்டேன் என்று வெளியே வந்து, இன்னொருத்தியோடு மறுபடி உள்ளே போனாள். மர்ஹூனுக்குப் பன்னிரண்டு வந்தது.

"பதினொண்ணு," என்றார் வாயிற்காவலர் கல்ஃபான். எழுபது வயது; பார்வை கழுகு மாதிரி. "சீட்டு பத்துதான் இருக்கு. மர்ஹூன், நீயுமா இப்படி?"

"மாமா, தாள்ல பத்துதான் போட்டிருக்கு."

"தாளா நடந்து போச்சு? பதினோரு தலை நடந்து போச்சு. இன்னொரு சீட்டு வாங்கு."

வாங்கினார். இப்போது தாளில் பத்து, சீட்டில் பதினொன்று. வாய்வார்த்தையாக இருந்த குழப்பத்துக்குக் கோட்டை முத்திரை விழுந்துவிட்டது.

உள்ளே போனதும் வழக்கம்போலக் கதவுக்கு மேலிருந்த ஓட்டையைக் காட்டினார். "எதிரி வந்தா இது வழியா கொதிக்கக் கொதிக்கப் பேரீச்சம்பாகு ஊத்துவாங்க."

"ஒரு எதிரிக்கு எத்தனை கிலோ பேரீச்சை பிடிக்கும்?" என்று கேட்டார் உயரமான ஒரு டீச்சர். கையில் குறிப்பேடு வைத்து ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஹெஸ்ஸா கணக்கு டீச்சர்," என்று விளக்கினார் உம்மு துர்க்கி. "அவ அப்படித்தான் கேப்பா. பதில் சொல்லுங்க."

மர்ஹூன் அடுத்த அறைக்கு வழி காட்டினார். ஹெஸ்ஸா எதையோ எழுதிக்கொண்டார்.

கோட்டையை விட்டு வெளியே வந்ததும் மர்ஹூன் கடைத்தெருவுக்கு ஓடி, மஞ்சள் நாடா வாங்கிவந்து சரியாகப் பத்துத் துண்டாக வெட்டினார். "எல்லாரும் கைப்பையில கட்டிக்கோங்க டீச்சரம்மா. கூட்டத்துல நம்ம ஆளுங்க அடையாளம் தெரியும்." நாடா இல்லாத கைப்பை எதுவோ, அதுதான் கூடுதல் ஆள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் கழித்துப் பதினோரு கைப்பையிலும் மஞ்சள் நாடா ஆடியது.

"எப்படி?"

"ஒண்ணு குறைஞ்சுது. நீளமா இருந்த ஒண்ணைக் கத்தரிச்சு ரெண்டாக்கிட்டோம்," என்றார் உம்மு துர்க்கி. "பங்கு போட்டுக்கணும்னுதானே முப்பத்திரண்டு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்?"

மர்ஹூன் வண்டியின் மறுபக்கம் போய் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஹுமைத் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா பயப்படக் கூடாது."

"சொல்லு."

"சுற்றுலாத் துறையிலேர்ந்து ரகசியமா ஆள் அனுப்புறாங்களாம். பயணி மாதிரியே கூட வந்து, வழிகாட்டி எப்படி நடந்துக்கிறான்னு குறிச்சுக்கிட்டுப் போவாங்களாம். என் மச்சான் சொன்னான்."

மர்ஹூனுக்கு உடனே ஹெஸ்ஸாவின் ஞாபகம் வந்தது. குறிப்பேடு! கணக்கு டீச்சராவது, மண்ணாவது!

அடுத்த இடம் பெருங்குழி. பாலைவனத்தின் நடுவில் திடீரென்று தரை உள்வாங்கி, அடியில் பச்சை நீர் பளபளக்கும். மர்ஹூன் இங்கே வழக்கமாக வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்த கதையைச் சொல்லுவார். அதில் ஒரு ஜின், ஒரு இளவரசி, தொலைந்துபோன ஒட்டகம் எல்லாம் வரும். கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள். இன்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது சுண்ணாம்புப் பாறை. தண்ணி அரிச்சு அரிச்சு மேல்கூரை இடிஞ்சு விழுந்துடுச்சு. அவ்வளவுதான்."

"ஜின் எங்க?" என்று கேட்டது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஜின்னெல்லாம் கிடையாதுங்க."

"இங்க வந்தா ஜின் கதை சொல்லுவாங்கன்னு கேள்விப்பட்டோமே!" உம்மு துர்க்கி விசிறியை மடக்கினார். "இவ்வளவு தூரம் சுண்ணாம்பு பாக்கவா வந்தோம்? இதைத்தான் ஏழாங்கிளாஸ்ல நாங்களே நடத்தினோமே."

இதைக் காதில் வாங்கும் நிலையில் மர்ஹூன் இல்லை. வண்டியிலிருந்த ஒரே மடக்கு நாற்காலியை எடுத்துவந்து ஹெஸ்ஸாவுக்குப் போட்டார். குடை பிடித்தார். முதல் கோப்பை கஹ்வா காப்பியை அவருக்கே ஊற்றினார். தட்டிலிருந்து நல்ல நல்ல பேரீச்சையாகப் பொறுக்கி அவர் பக்கம் தள்ளினார்.

"ஏன் தம்பி, ஹெஸ்ஸாவுக்கு மட்டும்தான் கால் வலிக்குமா?"

"இல்லை டீச்சரம்மா, அவங்க எழுதுறாங்களே, வசதியா இருக்கட்டும்னு..."

"என்னடி எழுதுற?" என்று கேட்டார் உம்மு துர்க்கி.

ஹெஸ்ஸா குறிப்பேட்டை உரக்கப் படித்தார். "மருமகளுக்கு அல்வா நாலு டப்பா. சாம்பிராணி அரைக் கிலோ. பெரிய பேத்திக்கு வெள்ளி வளையல். சின்னவளுக்கும் அதே, இல்லன்னா சண்டை வரும்."

மர்ஹூன் குடையை மெதுவாக மடக்கினார். ஆக, ஹெஸ்ஸா இல்லை. அப்படியானால் மீதிப் பத்தில் ஒருத்தி. இவ்வளவு நேரம் ஒருத்தியை மட்டும் தாங்கியதையும் மற்றவர்களை வெயிலில் நிற்க வைத்ததையும் அந்த ஒருத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவசர அவசரமாக நாற்காலியை ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம் என்று சுற்றில் விட்டார். பதினோரு பேரும் உட்கார்ந்து எழுந்ததில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. உணவுக் கடையில் கறிச்சோறு தீர்ந்து, ரொட்டியும் பருப்பும்தான் மிச்சமிருந்தது.

"தம்பி, இதுவும் சுற்றுலாவுல சேர்த்தியா?" என்று பருப்பைக் காட்டிக் கேட்டார் உம்மு துர்க்கி.

மூன்றாவது புகாரின் வாசகம் மர்ஹூனின் கண்முன் வரிவரியாக ஓடியது.

பிற்பகலில் கல்லறை மேட்டுக்குப் போனார்கள். மலையின் முதுகில் வரிசையாகத் தேன்கூடு போலக் கல்லடுக்கிக் கட்டிய கல்லறைகள். ஐயாயிரம் வருஷமாகக் காற்றைத் தின்றுகொண்டு நிற்பவை. இங்கேதான் கேள்விகள் தொடங்கின.

கேள்வி கேட்பவர் யார் என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் காதில் ஏதோ முணுமுணுப்பாள். அவள் அடுத்தவளிடம் சொல்லுவாள். அப்படியே கைமாறி உம்மு துர்க்கியிடம் வந்து சேரும்.

"தம்பி, ஒருத்தர் கேக்கச் சொல்றாங்க. இந்த வேலையில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

மர்ஹூன் நிமிர்ந்து நின்றார். இதுதான். விசாரணை ஆரம்பித்துவிட்டது. "இருபத்தொரு வருஷம்."

முணுமுணுப்பு.

"இத்தனை வருஷத்துல உங்க வீட்டு ஆளுங்களை இங்கெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

மர்ஹூனுக்குப் புரிந்துவிட்டது. துறையில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்: 'நம் நாட்டை முதலில் நம் குடும்பம் பார்க்கட்டும்.' அதிலிருந்துதான் கேட்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், அவர் மனைவி ரய்யா ஒன்றையும் பார்த்ததில்லை. கல்யாணமான முதல் வருஷம் கேட்டாள். "இப்ப சீசன், அடுத்த குளிர்காலத்துல போகலாம்," என்றார். அடுத்த குளிர்காலமும் சீசனாகவே இருந்தது. அப்படியே பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் போன பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை.

"கூட்டிட்டு வராம இருப்பேனா?" என்றார் மர்ஹூன், கல்லறையின் உச்சியைப் பார்த்தபடி. "மாசம் ஒரு தடவை வந்துடுவோம். எங்க வீட்டம்மாவுக்கு இந்த இடம்னா உசுரு."

யாருக்கோ புரையேறியது. இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள்.

"அப்படியா! வேற எதெல்லாம் பிடிக்கும்?"

"பெருங்குழிதான் ரொம்பப் பிடிக்கும். ஆனா எட்டிப் பாக்கப் பயம். என் கையைக் கெட்டியா பிடிச்சுக்குவா." பொய் தன்னாலேயே கால் முளைத்து ஓடியது. "போன வெள்ளிக்கிழமைகூட வந்தோம். சோறு கட்டி எடுத்துட்டு வந்து, அதோ அந்தக் கல்லு மேல உக்காந்து சாப்பிட்டோம்."

பதினோரு தலையும் அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்தன. அதன்மேல் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது.

"ரொம்பக் கொடுத்துவச்சவங்க உங்க வீட்டம்மா," என்றார் உம்மு துர்க்கி.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றார் மர்ஹூன். தேர்வில் தேறிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

கடைசி இடம் மணல்மேடு. கறுப்பு அங்கிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பள்ளிக்கூடத்துப் பெண்களைப் போல ஏறினார்கள். ஒருத்தி சறுக்கி விழுந்து, அவளைத் தூக்கப்போன இருவரும் சேர்ந்து உருண்டார்கள். ஒருவழியாக உச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மணல் முதலில் மஞ்சளாக இருந்தது. பிறகு செம்பு. பிறகு சொல்லத் தெரியாத ஒரு நிறம்.

வெகுநேரம் கழித்துக் கேள்வி வந்தது. இந்த முறை முணுமுணுப்பு மிக மெதுவாகக் கைமாறி வந்தது.

"முதல்முதலா இதைப் பாத்தப்ப உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்குறாங்க."

மர்ஹூன் வாயைத் திறந்தார். பொய் தயாராக வரவில்லை. ரய்யா இங்கே நின்றால் என்ன சொல்லுவாள் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அவள் நிற்பது தெரிந்தது, குரலும் கேட்டது.

"ஒண்ணும் சொல்லல," என்றார் கடைசியில். "கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தா. அப்புறம், 'ஊர் உலகத்துக்கெல்லாம் இதைக் காட்டுனீங்க, எனக்குக் காட்ட இவ்வளவு நாளாச்சா'ன்னு கேட்டா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவ கேட்டது நியாயம்தானே?"

பின்வரிசையில் ஒருத்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். மர்ஹூன் வழக்கம்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் போனாலும் சரி, இருந்தாலும் சரி, வருகிற வெள்ளிக்கிழமை ரய்யாவைக் கூட்டிவருவது என்று அந்த வானத்திடம் சொல்லிக்கொண்டார்.

விடுதி வாசலில் வண்டி நின்றபோது மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மர்ஹூன் படியோரம் நின்று எண்ணினார். பத்து. வண்டிக்குள் கடைசி இருக்கையில் ஒரு கறுப்பு உருவம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"டீச்சரம்மா," என்றார் மர்ஹூன் பதற்றத்தோடு, "அவங்க இறங்கலையே?"

"அவ எதுக்கு இங்க இறங்கணும்? அவ எங்க ஆள் இல்லையே," என்றார் உம்மு துர்க்கி. "நேத்து சாயங்காலம் கடைத்தெருவுல சாம்பிராணிக் கடையில பழக்கம். நாளைக்கு எங்கெல்லாம் போறீங்கன்னு கேட்டா. சொன்னோம். 'இதெல்லாம் நானும் பாத்ததே இல்ல'ன்னா, பாவம். காலையில நாங்கதான் ஏத்திக்கிட்டோம். கோட்டைச் சீட்டுக் காசை முதலாளிகிட்ட நானே கொடுத்துடுறேன். புகார் கிகார்னு பயப்படாதீங்க. அந்தச் சுண்ணாம்பைத் தவிர எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு எழுதுறேன்."

"அப்ப அவங்க துறை ஆள் இல்லையா?"

"என்ன துறை?"

மர்ஹூனின் தலையிலிருந்து ஒரு மலை இறங்கியது. அது இறங்கிய இடத்தில் உடனே கோபம் ஏறிக்கொண்டது. ஒரு ஓசிப் பயணி! ஒரு ஓசிப் பயணிக்காகவா நட்சத்திரத்தையும் ஜின்னையும் விட்டுக்கொடுத்தோம்? நாற்காலி, குடை, நாடா, அத்தனை பொய்!

"பத்திரமா கொண்டுபோய் விடுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு உம்மு துர்க்கி படியேறினார். மற்ற ஒன்பது பேரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று மர்ஹூனுக்குப் புரியவில்லை.

அவர் வண்டிக்குள் ஏறினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இருபத்தொரு வருஷ அனுபவத்தின் மிடுக்கையெல்லாம் குரலில் திரட்டி, பின்கண்ணாடிக்கு ஒரு முழம் மேலே பார்த்தபடி கேட்டார்.

"இதோ பாருங்கம்மா, பேர் கொடுக்காம வண்டியில ஏறுறது ரொம்பத் தப்பு. போகட்டும். உங்களை எங்க இறக்கி விடணும்?"

"நீங்க எங்க இறங்குறீங்களோ அங்கதான். ராத்திரிக்கு நான் ஒண்ணும் சமைக்கல, வழியில ஏதாவது வாங்கிட்டுப் போயிடுவோம்."